12 நிமிடப் படத்தை 6 மணி நேரம் ஓட்டுவது எப்படி?

சுருள்பெட்டி:
ஸ்காட்லாந்துக் கலைஞர் டக்ளஸ் கார்டன் 1993இல் செய்த ‘24 ஹவர் சைக்கோ’ பாணியில் ஒரு வீடியோ இன்ஸ்டலேஷன். அதில் ஹிட்ச்காக்கின் 109 நிமிட ‘சைக்கோ’ படம் சத்தமில்லாமல் ஒரு நாள் முழுக்க ஓடும். கையில் இருப்பது சொந்தமாக எடுத்த 12 நிமிடம், நொடிக்கு 24 ஃபிரேம். எடிட்டிங்கில் வேகத்தை 3.33% ஆக்கினால் கை அசையும் இடமெல்லாம் பேய்போல இரட்டை உருவம். ஏன்?

கட்டுமேசை:
மென்பொருள் பக்கத்து ஃபிரேம்களைக் கலந்து பூசுகிறது. ஃபிரேம் பிளெண்டிங்கை அணையுங்கள். ஆப்டிகல் ஃபுளோ என்ற இன்னொரு வேகக்குறைப்பு முறையின் பக்கமே போகாதீர்கள்; கேமரா பார்க்காத படத்தை அது தானாக வரைந்துவிடும். கார்டன் படைப்பின் உயிரே அசல் ஃபிரேம் அப்படியே நிற்பதில்தான்: 1,56,960 ஃபிரேம், 86,400 நொடி, அதாவது நொடிக்கு 2க்குச் சற்றுக் குறைவு.

உங்களுக்கு 17,280 ஃபிரேம், 21,600 நொடி. ஒன்றுக்கு 1.25 நொடி. சதவீதக் கணக்கே வேண்டாம், 3.33 என்று போட்டால் 20 நொடிக்கு மேல் நீளும். படத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பிஎன்ஜி (தனித்தனிப் படக் கோப்பு) வரிசையாகப் பிரித்து, நொடிக்கு 0.8 ஃபிரேம் என்று உள்ளிட்டு, 24இல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒவ்வொன்றும் சரியாக 30 முறை வரும்.

சுருள்பெட்டி:
நன்றி, உருவம் தெளிந்துவிட்டது. ஆனால் சில ஃபிரேம் மட்டும் 2.5 நொடி நிற்கிறது. ஃபோனில் எடுத்தது.

கட்டுமேசை:
அதுதான் காரணம். ஃபோன் சீரான இடைவெளியில் பதிவதில்லை. 24க்கு மாற்றும்போது ஓட்டையை நிரப்ப முந்தைய ஃபிரேமையே இன்னொரு தடவை போட்டிருக்கும். இரட்டைகளை நீக்கி, மீதியை எண்ணி, 21,600ஐ அந்த எண்ணால் வகுத்தால் புது இடைவெளி கிடைக்கும். சாதாரண வேகத்தில் இது யார் கண்ணிலும் படாது. இந்த வேகத்தில் ஒளிய இடமில்லை.

வெள்ளைத்துணி:
திரையையும் யோசியுங்கள். கார்டன் ஒளி ஊடுருவும் திரையை அறைக்குள் வைத்தார், இரு பக்கமும் பார்க்கலாம். மெல்லிய பருத்தித் துணியில் அதைச் செய்தால் பின்பக்கம் நிற்பவருக்கு லென்ஸ் வெள்ளைப் பொட்டாகக் கண்ணைக் குத்தும். புரொஜெக்டரை உயரத்தில் மாட்டிச் சாய்த்து, சாய்வால் கோணலாகும் படத்தை கீஸ்டோன் அமைப்பில் சரிசெய்யுங்கள். பின்பக்கம் எழுத்து இடவலம் மாறித் தெரியும் என்பதால் டைட்டில் கார்டை வெட்டிவிடலாம்.

பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். புரொஜெக்டரின் தானியங்கி அணைப்பையும் நிறுத்துங்கள். சில மாடல்கள் நெடுநேரம் பொத்தான் எதையும் அழுத்தாவிட்டால் தூங்கிவிடும்.