அவசர உதவி: அம்மாவின் ஏசி பின்னேரம் தானாக நிற்கிறது, ஆப்பில் 4 பாகை காட்டுகிறது

கொக்குவில் பொடியன் (சனி, பி.ப. 3.47)
வணக்கம். கெதியாக யாராவது சொல்லுங்கள். அம்மாவின் அறை ஏசி ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்றரைக்குத் தானாக நின்றுவிடுகிறது. வெயில் கொளுத்துகிற நேரம். போனில் ஆப்பைத் திறந்தால் மேலே 4 பாகை என்று காட்டுகிறது! சுவரில் தொங்குகிற தெர்மாமீட்டரில் 33. சென்சர் பழுதா? திருத்த எவ்வளவு காசு முடியும்? விற்ற கடைக்காரர் போன் எடுக்கிறார் இல்லை. அம்மாவுக்கு 71 வயது, பிரஷரும் இருக்கிறது.

நீர்வேலி வாழைக்குலை (3.55)
தம்பி, என்ன ஏசி? குளிர்த்திறன் எத்தனை பிடியூ? கம்பிரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற இன்வேட்டர் வகையா? ஆப் என்றால் எந்த வகை, ஏசிக்குள்ளேயே வைஃபை இருக்கிறதா அல்லது வெளியில் தனியாகப் பெட்டி ஏதும் வைத்திருக்கிறீர்களா? நிற்கிறது என்றால் முழுக்க நிற்கிறதா, காற்று வந்துகொண்டு குளிர் மட்டும் இல்லையா? இது தெரியாமல் ஆர் என்ன சொல்கிறது.

உடுவில் அக்கா (3.58)
முதலில் அம்மாவை வேறு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஃபேன் போட்டுவிடுங்கள். அப்புறம் ஏசியைப் பார்க்கலாம்.

பழைய வயர்மேன் (4.06)
இதே கேள்வி மாதத்துக்கு நாலு தடவை வருகிறது. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை. பரவாயில்லை, சொல்லித் தருகிறேன்.

உள் யூனிற்றின் முன் மூடியைத் தூக்கினால் வலைக்குப் பின்னால் பயறளவில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும். அதுதான் அறைச் சூட்டை அளக்கிற சென்சர், தெர்மிஸ்டர். பெரும்பாலும் 25 பாகையில் 10 கிலோ ஓம். சூடு ஏற ஏற மின்தடை குறையும், குளிரக் குளிரக் கூடும். நம்முடைய ஊர் உப்புக் காற்றுக்கு அந்தப் பிளக்கின் பின்கள் பச்சை பிடித்துவிடும். பச்சை பிடித்தால் தடை கூடும். தடை கூடினால் போர்ட் என்ன நினைக்கும்? அறை குளிர்ந்துவிட்டது என்று நினைக்கும். 33 பாகை அறையை 4 என்று நினைத்து நிற்பாட்டுகிறது. கதை முடிந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள்.

கொக்குவில் பொடியன் (4.15)
12,000 பிடியூ, இன்வேட்டர். போன வருடம் பூட்டியது. முழுக்க நிற்கிறது, வாய் மூடுகிறது. ஆப் அண்ணா போட்டுத் தந்தது. அம்மா 18இல்தான் வைப்பா. மூடியைத் திறக்கப் பயமாக இருக்கிறது.

நீர்வேலி வாழைக்குலை (4.19)
நிற்கும்போது பீப் கேட்கிறதா?

சுன்னாகம் 230 (4.24)
வயர்மேன் அண்ணை, போன வருடம் பூட்டிய ஏசிக்குப் பச்சையா? கொக்குவிலில் கடல் எங்கே இருக்கிறது? தம்பி, இது வோல்டேஜ். அயலில் வெல்டிங் பட்டறையோ அரிசி மில்லோ இருந்தால் பின்னேரம் வேலை தொடங்குகிற நேரம் லைன் இறங்கும். 230 வர வேண்டிய இடத்தில் 190க்குப் போனால் இன்வேட்டர் போர்ட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கும். முதலில் ஒரு வோல்டேஜ் மீட்டர் வாங்கிப் பிளக்கில் செருகி மூன்றரைக்குப் பாருங்கள். வோல்டேஜ் கார்ட் போடாமல் ஏசி ஓட்டுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததற்கு முழு நாட்டிலும் கரன்ட் போனது, மறந்துவிட்டீர்களா?

பழைய வயர்மேன் (4.27)
குரங்கு வந்துவிட்டது. இனி இழை உருப்படாது.

கொக்குவில் பொடியன் (4.33)
பீப் கேட்கும், ஒருதடவை. லைட், ஃபேன் ஒன்றும் மங்குவதில்லை. பக்கத்தில் பட்டறையும் இல்லை. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், வெள்ளிக்கிழமைகளில் நிற்பதில்லை. எல்லா வெள்ளியும் இல்லை, ஆனால் முக்கால்வாசி.

இணுவில் மாமா (4.40)
வெள்ளிக்கிழமை நிற்பதில்லையா? அப்ப அம்மன் கோயில் பக்கம் விசாரியுங்கோ. 😀

சுன்னாகம் 230 (4.44)
கரன்ட் ஒரு நொடி போய் வந்தாலும் பல ஏசிகள் பீப் அடிக்கும். வெள்ளிக்கிழமை ஆரோ வேலைக்குப் போவதில்லை, அதுதான். மீட்டர் வாங்குங்கள்.

நீர்வேலி வாழைக்குலை (4.52)
பீப் அடித்து நிற்கிறது என்றால் என் கணக்கில் ஆரோ கட்டளை அனுப்புகிறார்கள். தெர்மிஸ்டர் பிழைத்தால் கம்பிரசர்தான் அடங்கும், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், வாய் மூடாது. தம்பி, கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை: வைஃபை ஏசிக்குள்ளேயா, தனிப் பெட்டியா? முந்தியும் இதே நேரமா? அம்மாவின் றிமோட்டில் டைமர் ஏதும் அமத்துப்பட்டிருக்கிறதா? றிமோட்டில் மணிக்கூடு மாதிரி ஒரு படம் இருந்தால் அதை அழித்துவிடுங்கள்.

மானிப்பாய் மருமகள் (5.01)
71 வயது மனுசிக்கு 18 பாகையா? விடிய முழங்கால் பிடிக்காதா? எங்கள் வீட்டில் 26, அதோடு ஃபேன் ஒன்றில். மின்கட்டணம் பாதி.

சுன்னாகம் 230 (5.05)
18 வைத்தால் கெதியாகக் குளிரும், பிறகு கூட்டலாம். எல்லாரும் செய்கிறதுதானே.

நீர்வேலி வாழைக்குலை (5.11)
இல்லை. 18 என்று அமத்துவது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது, எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று இல்லை. 33இல் இருக்கிற அறையில் 18 வைத்தாலும் 25 வைத்தாலும் முதல் இருபது நிமிடம் அநேகமாக ஒரே ஓட்டம்தான். வித்தியாசம் பிறகுதான்: 25 வைத்த இன்வேட்டர் அடங்கி மெல்ல ஓடும். 18 வைத்தது, அந்த அறையில் 18 ஒருநாளும் வராது என்று தெரியாமல், இரவிரவாக மூச்சு வாங்கும். இந்தியாவில் 2020 ஜனவரியில் இருந்து புது ஏசிகள் போட்டவுடன் 24இல் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

இணுவில் மாமா (5.20)
நாங்கள் 90க்குப் பிறகு வருடக்கணக்காகக் கரன்டே இல்லாமல் இருந்த ஆட்கள். ஜாம் போத்தலில் எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தோம். சித்திரை வெயிலுக்குப் பனையோலை விசிறியும் வேப்பமரமும்தான். ஆரும் சாகவில்லை. நாற்சார் வீட்டு நடுமுற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் விடியப்புறம் போர்வை தேடும்.

மானிப்பாய் மருமகள் (5.26)
மாமா, அந்த நாற்சார் வீட்டை இடித்துக் கொங்கிறீட் தட்டு அடித்தது எந்தத் தலைமுறை? ஓடும் கிடுகும் பொழுதுபட்டால் ஆறிவிடும். கொங்கிறீட் பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவு பத்து மணிக்கு எங்கள் தலையில் இறக்குகிறது. இந்தக் கிழமை சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில். வேப்பமரத்தையும் மதில் கட்டத் தறித்தாயிற்று.

இணுவில் மாமா (5.31)
எங்கள் வீட்டு வேம்பு நிற்கிறது பிள்ளை. வந்து பாருங்கோ.

பழைய வயர்மேன் (5.34)
தட்டுக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். இதையும் நான் இங்கே மூன்று தடவை எழுதிவிட்டேன். ஆர் வாசிக்கிறார்கள்.

உடுவில் அக்கா (5.38)
சோளகக் காற்று வர இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. அந்தப் பொடியன் எங்கே? அம்மா சுகமா?

ஸ்காபரோ சிவப்புத் தொப்பி (5.52)
நான் ரொறன்ரோ பக்கம், இங்கே இப்போது விடிய 8.22. கோப்பியோடு வாசித்துக்கொண்டு வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். எங்கள் ஜன்னலுக்கு வெளியே இப்போது 4 பாகை. தம்பி, உங்கள் அண்ணா எந்த நாட்டில்?

கொக்குவில் பொடியன் (6.10)
மன்னிக்கவும், அம்மாவை மாமி வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். அண்ணா கனடாதான். தைப்பொங்கலுக்கு வந்தவர் ஒரு கறுப்பு உருண்டை கொண்டுவந்து சாமித்தட்டில் வைத்துவிட்டுப் போனார், ஏசிக்கு நேர் எதிரே. ஆப்பில் அதைத்தான் சேர்த்துத் தந்தார். அது முக்கியமா?

மாசியில் நாலரைக்குத்தான் நின்றது. பங்குனியில் இருந்துதான் மூன்றரை.

நீர்வேலி வாழைக்குலை (6.13)
முக்கியமா என்று கேட்கிறார். இரண்டரை மணித்தியாலம்!

ஸ்காபரோ சிவப்புத் தொப்பி (6.31)
சரி, அப்ப கேளுங்கள்.

அந்த உருண்டை றிமோட்டின் வேலையைச் செய்கிற சாமான். வைஃபையில் வருகிற கட்டளையை அகச்சிவப்பு ஒளியாக்கி ஏசிக்கு அடிக்கும். அடிக்க மட்டும்தான் அதற்குத் தெரியும், ஏசியின் தெர்மிஸ்டரை வாசிக்கவே முடியாது. ஆகவே ஆப்பின் தலைப்பில் இருக்கிற 4 ஏசியின் சென்சரில் இருந்து வந்ததாக இருக்க வழியில்லை. அது ஆப்பில் "வீடு" எந்த ஊர் என்று பதிந்திருக்கிறதோ அந்த ஊரின் வெளி வெப்பநிலை. உங்கள் அண்ணா கொக்குவில் உருண்டையைத் தன் ரொறன்ரோ வீட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். அம்மாவுக்கு இரவு 9க்குப் போட்டு விடிய 6க்கு நிற்பாட்ட அண்ணா அட்டவணை வைத்திருப்பார், நல்ல மனம்தான். ஆனால் அது ரொறன்ரோ மணிக்கூட்டில் ஓடுகிறது. இங்கே விடிய 6 என்றால் இப்போது உங்களுக்குப் பின்னேரம் 3.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு நாங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினோம். அதற்கு முதல் வித்தியாசம் பத்தரை மணித்தியாலம், இப்போது ஒன்பதரை. நாலரை மூன்றரை ஆனது அதனால்தான். அப்படியென்றால் இங்கே இரவு 9க்கு, அதாவது அங்கே விடிய ஆறரைக்கு, ஏசி தானாகப் போடுப்படவும் வேண்டுமே?

கொக்குவில் பொடியன் (6.38)
ஓம்!! அம்மா ஐந்து மணிக்கு எழும்பி நிற்பாட்டிவிட்டுக் குசினிக்குப் போவா. திரும்ப வரும்போது ஓடிக்கொண்டிருக்கும். நான் போட்டேன் என்று அம்மா நினைத்தா, அம்மா போட்டா என்று நான் நினைத்தேன்.

ஆப்பில் "வீடு" என்று இன்னொரு சாமானும் இருக்கிறது. அதை அமத்தினால் சரிவருமா?

ஸ்காபரோ சிவப்புத் தொப்பி (6.39)
தொடாதீர்கள்! அது அண்ணா வீட்டுச் சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட். இங்கே ஏசி றிமோட் மாதிரி இல்லை, நிலக்கீழ் அறையில் இருக்கிற ஃபேர்னஸை 24 வோல்ட் வயரில் அதுதான் போட்டு நிற்பாட்டுகிறது. முழு வீட்டுச் சூடும் அதன் கையில்.

கொக்குவில் பொடியன் (6.41)
வியாழக்கிழமை அதை 12க்கு இறக்கிவிட்டேன். அம்மாவின் அறை என்று நினைத்து.

மானிப்பாய் மருமகள் (6.42)
ஐயோ.

உடுவில் அக்கா (6.42)
அண்ணா வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? உடனே போன் எடுங்கள்.

நீர்வேலி வாழைக்குலை (6.50)
போன் எடுக்கும்போது இதையும் சொல்லுங்கள். முதலில் அட்டவணையை அண்ணாவின் போனில் இருந்தே அழிக்க வேண்டும். பிறகு ஆப்பில் யாழ்ப்பாணம் என்று புதிதாக ஒரு வீடு திறந்து உருண்டையை அதற்குள் சேருங்கள். பெரும்பாலும் பழைய வீட்டில் இருந்து நீக்கித் திரும்ப இணைக்க வேண்டி வரும். இணைக்கிற நேரம் போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கட்டும். இந்த உருண்டைகள் அநேகமாக 5 கிகாஹெர்ட்ஸைக் காணவே மாட்டா. றவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால் அரை நாள் மினக்கெடுவீர்கள். ஏசியை றிமோட்டில் நிற்பாட்டினால் ஆப்புக்கு அது தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள், அது ஓடுகிறது என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமைதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இணுவில் மாமா (6.58)
சாமித்தட்டில் இருக்கிறது என்றாரே. வெள்ளிக்கிழமை அம்மா சாமிக்கு மாலை போடமாட்டாவோ? உருண்டையை மறைத்துக்கொண்டு தொங்கும். ஒளி ஏசிக்கு எப்படிப் போகும்? அம்மன் கோயில் பக்கம் விசாரிக்கச் சொன்னேனா இல்லையா.

சுன்னாகம் 230 (7.03)
இருந்தாலும் ஒரு வோல்டேஜ் மீட்டர் வாங்கி வைப்பது நல்லது.

கொக்குவில் பொடியன் (திங்கள், மு.ப. 9.12)
சரி வந்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி. அண்ணா வீட்டில் மூன்று நாள் எல்லாரும் ஜக்கெற்றோடு படுத்தார்களாம், ஃபேர்னஸ் திருத்த ஆளும் கூப்பிட்டாயிற்றாம். பேச்சு வாங்கினேன். மாலைதான் மாமா, செவ்வரத்தம்பூ. அம்மா இவ்வளவு நாளும் அண்ணாதான் கரன்ட் பில் கூடுகிறது என்று கனடாவில் இருந்து நிற்பாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் திரும்பப் போட றிமோட்டைத் தலையணை உறைக்குள் வைத்திருந்திருக்கிறா.

பழைய வயர்மேன் (9.30)
எதற்கும் அந்தப் பிளக்கை ஒருக்கால் துடைத்துவிடுங்கள்.