ஸ்டைன்ஸ்;கேட்: கால்வாசி தாண்டியும் பிடிபடவில்லை, தொடரலாமா?

தக்கலைக்காரி:
நாகர்கோவிலில் படிக்கிறேன், பஸ்ஸில் போகவர நேரத்தில்தான் அனிமே. சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்று வாயைத் திறந்தாலே எல்லாரும் ஸ்டைன்ஸ்;கேட் பார் என்கிறார்கள். 24 எபிசோடில் கால்வாசி முடித்துவிட்டேன். லேப் கோட் போட்ட ஒருவன் போனைக் காதில் வைத்து யாருமே இல்லாத லைனில் பேசுகிறான். மைக்ரோவேவில் வைத்த வாழைப்பழம் பச்சை ஜெல்லாகிறது. அப்புறம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். விஷுவல் நாவல் கேமிலிருந்து, அதாவது கதையைப் படித்துக்கொண்டே போகிற கேமிலிருந்து எடுத்த தொடராமே, கேம் விளையாடாததால்தான் எனக்கு ஒட்டவில்லையா? கொஞ்சம் ஸ்பாய்லர் பரவாயில்லை. யார் சாகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

குழித்துறைப் பாலம்:
12 வரை பாரு மக்கா. அதுக்கு மேல நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்ட.

பிக்சர் டியூப்:
எல்லாரும் இந்த 12 கணக்கையே சொல்கிறார்கள். முதல் பாதி ஏன் அப்படி நகர்கிறது என்று சொன்னால்தானே தங்கச்சிக்குப் பார்க்கத் தோன்றும்.

எனக்கு மார்த்தாண்டத்தில் டிவி ரிப்பேர் கடை. அந்த லேப் கோட்காரன் ஒகாபேயின் லேபுக்குக் கீழே பழைய பிக்சர் டியூப் டிவி விற்கிற கடை வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான் இந்தத் தொடரையே போட்டேன். கடையில் ஒரு 42 இன்ச் டியூப் டிவி சும்மா ஓடிக்கொண்டிருக்கும். ஓனரின் கிறுக்கு என்று விட்டுவிடத் தோன்றும். மாடியில் இருக்கும் மைக்ரோவேவ் சில நேரம் கடந்த காலத்துக்கு மெயில் அனுப்பும், சில நேரம் அசையாது. எப்போது வேலை செய்கிறது என்று கவனியுங்கள். மதியம் 12 முதல் மாலை 6 வரை, அதாவது கீழே கடை திறந்து அந்த டிவி ஓடுகிற நேரம்.

தொழில்காரனாகச் சொன்னால் இது நடக்காது. 21 இன்ச் கலர் டிவியிலேயே இ.எச்.டி., அதாவது டியூபுக்குப் போகிற உயர் மின்னழுத்தம், 25,000 வோல்ட் பக்கம் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் சார்ஜ் நிற்கும். எர்த் வயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரை டியூபின் மேல் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் விட்டு, ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் நான் உள்ளே கை வைப்பேன். ஆனால் எலக்ட்ரான் கண்ணாடியைத் தாண்டி வராது. திரையின் உள்பக்கம் பூசிய பாஸ்பரில் அடித்து வெளிச்சமாகி அங்கேயே தீர்ந்துவிடும். மாடி ஏறி மைக்ரோவேவுக்குள் நுழைவதெல்லாம் கதை. கதையாக இருந்தாலும் நேர்மையான கதை. விடையை நம் கண்ணுக்கு முன்னாலேயே ஓடவிட்டுத்தான் புதிர் போடுகிறார்கள்.

இனி கொஞ்சம் ஸ்பாய்லர். முதல் பாதியில் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதைக் கேட்டு பழைய நாளுக்கு ஒரு மெயில் அனுப்புவார்கள். இரண்டாம் பாதியில் அதையெல்லாம் ஒகாபே திரும்ப அழிக்க வேண்டி வரும், கடைசியாக அனுப்பியதிலிருந்து பின்னோக்கி. மெயிலை அழித்தால் அவர்களுக்குக் கிடைத்ததும் போய்விடும். அவன் தோழி ஃபெய்ரிஸுக்கு என்ன கிடைத்திருந்தது என்று தெரிந்த பிறகு, அவள் சம்மதித்து அதைத் திருப்பிக் கொடுக்கிற இடத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. முதல் பாதியில் இவர்கள் வெட்டியாகப் பேசுவதைப் பார்க்காமல் தாவிவிட்டால், பின்னால் யார் எதை இழந்தாலும் நமக்கு உறைக்காது.

குறையும் உண்டு. பெண் போலத் தெரிகிற நண்பன் லூகாவின் பகுதியைப் பொறுப்பில்லாமல் கையாண்டிருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்பதைத் திரும்பத் திரும்ப ஜோக்காக்கிவிட்டு, திடீரென்று நம்மை அழச் சொன்னால் எப்படி? முதல் எபிசோடும் புதிதாக வருகிறவருக்கு இரக்கமே காட்டாது. ஆனால் முழுதும் முடித்துவிட்டு அதையே திரும்பப் போட்டுப் பாருங்கள், வேறு எபிசோடு மாதிரி இருக்கும்.

நிஜத்திலிருந்து எடுத்ததும் நிறைய. ‘நான் 2036-லிருந்து வருகிறேன்’ என்று 2000, 2001-ல் ஜான் டைட்டர் என்ற பெயரில் ஒருவர் இணையத்தில் எழுதினார். ஐபிஎம் 5100 கம்ப்யூட்டரைத் தேடி வந்ததாகச் சொன்னதும் அவர்தான். அது 1975-ல் வந்த உண்மையான மாடல், தொடரில் ஐபிஎன் என்று ஒரு எழுத்தை மாற்றியிருப்பார்கள். ஐரோப்பாவின் அணு ஆராய்ச்சி அமைப்பான சேர்னும் (CERN) அப்படித்தான், முதல் எழுத்து எஸ் ஆகி வரும்.

குளச்சல் கரை:
கேம் விளையாடியவன் என்ற முறையில்: புரியாமல் போகாது, தைரியமாகப் பாருங்கள். 2009-ல் முதலில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த கேம். 2011-ல் ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டூடியோ தொடராக்கியது. கேமில் எல்லாமே ஒகாபேயின் கண் வழியாகத்தான், மனதுக்குள் அவன் புலம்புவது பக்கம் பக்கமாக வரும். அதனால் அவன் பயந்து நடிக்கிறான் என்று முதலிலேயே தெரிந்துவிடும். தொடரில் வெளியிலிருந்து மட்டும் பார்ப்பதால் அவன் வெறும் கோமாளியாகத் தெரிகிறான். உங்களுக்கு ஒட்டாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிக்சர் டியூப் அண்ணன் சொன்ன அந்த அழிக்கிற இடங்களில், கேமில் நாம் நின்றுவிடலாம். இதற்கு மேல் அழிக்க மாட்டேன் என்று போனை வைத்தால் டிவி கடையில் வேலை பார்க்கும் சுஸுஹா, ஃபெய்ரிஸ், லூகாவுக்கு ஆளுக்கொரு முடிவு உண்டு. தொடர் அந்தக் கிளைகளையெல்லாம் ஒரே பாதையாகக் கோத்துவிட்டது. நிற்கிற சுதந்திரம் நமக்கு இல்லை, அவனுக்கும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கேமைவிடத் தொடர்தான் பிடிக்கும்.

குழித்துறைப் பாலம்:
லாட்டரி நம்பரை பழைய நாளுக்கு அனுப்புவானே, அதை விட்டுட்டீங்களே. நம்ம ஊர்க்காரன் கையில அந்த மைக்ரோவேவ் கிடைச்சா முதல் வேலையா களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போய் டிக்கெட் எடுத்திருப்பான்.

பிக்சர் டியூப்:
எடுக்கலாம், மெயில் 36 பைட்டுக்கு மேல் போகாது என்பது ஞாபகம் இருக்கட்டும். ஜப்பானிய எழுத்தில் 18. ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் எடுக்கும் யுடிஎஃப்-8 தமிழில் ‘கன்னியாகுமரி’ என்று அடித்தாலே 36-ம் காலி. நம்பரை மட்டும் அனுப்பு தம்பி.

தக்கலைக்காரி:
சரி, அந்த டிவியைக் கவனித்துக்கொண்டே தொடர்கிறேன். ஸ்டைன்ஸ்;கேட் 0 என்று இன்னொன்றும் இருக்கிறதே, அது எப்போது?

குளச்சல் கரை:
24 முடித்து, 25-வதாக வரும் ஓவிஏவை, அதாவது டிவியில் இல்லாமல் தனியாக வெளியிட்ட எபிசோடைப் பாருங்கள். அப்புறம் 2015-ல் வந்த 23-பீட்டா, 23-வது எபிசோடின் மாற்று வடிவம். 2018-ல் வந்த 0 அதிலிருந்துதான் கிளம்புகிறது, 23 எபிசோடு. அதைப் பஸ்ஸில் மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்து சீட் அக்கா என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.