பள்ளத்தூர் பெரிய வளவு (குடும்பக் குழு)

ராமு அண்ணன் (காலை 6:12): நம்ம மாடு சிவப்பி பருவத்துக்குத் திரும்பவும் கத்துது. பங்குனியில ஒண்ணு, சித்திரையில ஒண்ணுன்னு போட்ட ரெண்டு சினை ஊசியும் நிக்கல. புதுவயல் மாட்டுத் தரகர் பத்து மணிக்கு வாராரு. குடுத்துரவா?

அப்பச்சி: குடு

மீனா அயித்தை: யாரக் கேட்டு? அதோட பாட்டி எனக்குச் சீர்ல வந்த மாடு

அப்பச்சி: சீர்ல வந்தது ஏன் எங்க கொட்டாய்ல நிக்குது?

கண்ணன் சிங்கப்பூர்: ஆரம்பிச்சிட்டாக 😂

மீனா அயித்தை: தேவகோட்டையில அப்ப கொட்டாய் இல்ல. எல்லாருக்கும் தெரியும்

சோலை சித்தப்பா: யாரும் அவசரப்படாதீக. அக்னி நட்சத்திரத்துல மாட்டுக்கு மலடுன்னு பேர் வைக்கக் கூடாது. அது ஜெர்சி கலப்பு. உடம்புச் சூடு 101.5 டிகிரி பாரன்ஹீட்ல இருக்கணும். வெயில்ல அது ஏறினா மூச்சு வாங்கும், தீனி எடுக்காது. ஊசி போட்ட முதல் வாரம் கரு சூடு தாங்காது, கரைஞ்சிரும். வெளிய ஒண்ணுமே தெரியாது. 21 நாள்ல திரும்பக் கத்தும். நம்ம ஊசி போட்டவரத் திட்டுவோம்

வள்ளி: சித்தப்பா ரிட்டயர் ஆனத மறந்துட்டாக

சோலை சித்தப்பா: இன்னும் இருக்கு

வள்ளி: தெரியும் சித்தப்பா 🙏

சோலை சித்தப்பா: ராமு, எப்பப் பாத்த?

ராமு அண்ணன்: விடிகாலை 5 மணிக்கு. வழும்பு தொங்குது

சோலை சித்தப்பா: அப்ப இன்னைக்குச் சாயந்தரம் ஊசி. சாயந்தரம் பாத்திருந்தா மறுநாள் காலையில. கோடையில பருவம் கொஞ்ச நேரந்தான் நிக்கும், அதுவும் ராத்திரி, விடிகாலையில. பகல்ல பாத்தா ஒண்ணும் தெரியாது, ஊமைப் பருவம். போன தடவ மத்தியான வெயில்ல ஆஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிப் போன. ஊசி போட்டும் என்ன பிரயோசனம்?

ராமு அண்ணன்: வண்டி கேட்டேன். யாரும் தரல

அப்பச்சி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கண்ணன் சிங்கப்பூர்: பெரியம்மான் என்ன போட்டீக? நான் பாக்கல

மீனா அயித்தை: ஊசிய விடுங்க. கோயில் காளைகிட்ட விட்டா நிக்கும்

சோலை சித்தப்பா: காளைக்கு மட்டும் வெயில் இல்லையா ஆச்சி? அதுக்கு விந்து முழுசா உருவாக ரெண்டு மாசம் ஆகும். சித்திரையில காஞ்சது ஆனியிலயும் தெரியும். ஊசியில போடுற உறைவிந்து திரவ நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்ல இருக்கு, அதுக்கு வெயில் தெரியாது

மீனா அயித்தை: ஆச்சின்னா மரியாதையாப் பேசு

வள்ளி: முகப்புல இருந்த ஸ்டாண்ட் ஃபேன் எங்க? வீட்டுல சாமி படைப்புக்கு வேணும். அம்மா கேக்குறாக

ராமு அண்ணன்: கொட்டாய்ல

வள்ளி: மாட்டுக்கா???

சோலை சித்தப்பா: அதுதான் சரி. ஆனா வெறும் காத்து போதாது ராமு. முதுக நனச்சிட்டு ஃபேன் ஓடணும். ஈரம் காயும்போதுதான் சூடு இறங்கும். நாலு பக்கமும் அடைச்சு வச்சுத் தண்ணிய மட்டும் ஊத்துனா புழுக்கம் கூடித்தான் போகும். தகரத்து மேல தென்னங்கீத்து போடு. பச்சத் தீனிய விடிகாலையில, வைக்கோல ராத்திரியில குடு, செரிக்கிற சூடு பகல்ல ஏறாம இருக்கும். குடிதண்ணி எப்பவும் நிழல்ல. தாது உப்பு போடுறியா?

ராமு அண்ணன்: டப்பா முடிஞ்சு போச்சு

அப்பச்சி: எத்தன மாசமா?

ராமு அண்ணன்: வாங்கணும் அப்பச்சி

கண்ணன் சிங்கப்பூர்: படைப்பு 14ஆ 15ஆ? நான் டிக்கெட் போடணும்

மீனா அயித்தை: 15

அம்மா: 14ன்னு சொன்னாகளே

சோலை சித்தப்பா: இன்னொண்ணு. வெயில் குறைஞ்ச உடனே எல்லாம் சரியாகாது. சினைமுட்டையும் சூட்டுல பழுது, புதுசா வர நாளாகும். ஆடி முடியப் பாக்கலாம். இன்னைக்கு ஊசி போட்டு, நின்னா 60 நாளுக்கு மேல சினை பாக்கச் சொல்லு. அப்பவும் இல்லன்னா கர்ப்பப்பையச் சோதிக்கணும், அதுக்கப்புறம் பேசுங்க

அப்பச்சி: அதுவரைக்கும் தீனிக்காசு சோலை குடுப்பானா?

சோலை சித்தப்பா: 🙏

மீனா அயித்தை: பாதி நான் தாரேன். கன்னுக்குட்டி எனக்கு

அப்பச்சி: பொறக்கட்டும்

ராமு அண்ணன் (10:05): தரகர் வந்துட்டாரு. என்ன சொல்ல?

அம்மா: காப்பியக் குடு. விலை பேசாத

வள்ளி: அண்ணே, ஃபேன்?

ராமு அண்ணன்: தரகர் அதையும் விலை கேக்குறாரு