குளியலறையில் திரும்பத் திரும்பப் படரும் கரும்பூஞ்சை: நிலையான வழி உண்டா?

கேள்வி

எங்கள் குளியலறைக்குச் சன்னல் கிடையாது; சீலிங்கில் பொருத்திய சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றுதான் காற்று வெளியேற வழி. சீலிங்கின் ஒரு மூலையிலும், டைல்ஸ் இடுக்குகளிலும், குளிக்குமிடத்தைச் சுற்றிப் பூசிய சிலிக்கானிலும் கரும்பூஞ்சை படர்கிறது. பிளீச் ஊற்றித் தேய்த்தால் வெளுத்துவிடுகிறது, ஆனால் மூன்று வாரங்களுக்குள் அதே இடங்களில் மீண்டும் கருக்கிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருப்பதால் மிகவும் கவலையாக இருக்கிறது. பூஞ்சைத் தடுப்பு பெயின்ட் அடித்தால் நின்றுவிடுமா?

மறுமொழி 1

பெயின்ட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சையின் மேலேயே பூசினால் அது சில மாதங்களில் உரிந்து வந்துவிடும். பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன, சோப்புப் படிவே அவற்றுக்கு உணவாகிவிடும். ஆகவே நம் கைக்குள் இருப்பது ஈரம் மட்டுமே. ஓரிடம் 24 முதல் 48 மணி நேரம் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை முளைத்துவிடக்கூடும் என்பதால், ஒருவர் குளித்த ஈரம் காயும் முன்பே அடுத்தவர் குளிக்கும் வீடுகளில் அந்த அறை ஒருநாளும் முழுதாக உலர்வதில்லை.

முதலில் ஃபேனைச் சோதியுங்கள். கதவைச் சாத்திவிட்டு, ஓடும் ஃபேனின் வலையில் ஒரு டிஷ்யூ தாளை வையுங்கள். ஒட்டி நிற்காவிட்டால் கதவைச் சற்றுத் திறந்து மறுபடி பாருங்கள். அப்போது ஒட்டினால், ஃபேன் நன்றாக இருக்கிறது, உள்ளே வரத்தான் காற்றுக்கு வழியில்லை என்று பொருள். வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராமல் எந்த ஃபேனாலும் இழுக்க முடியாது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஃபேனின் குழாய் கட்டடத்துக்கு வெளியே திறக்கிறதா, பொய்க்கூரைக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா என்பதையும் பாருங்கள். 50 சதுர அடி வரையிலான அறைக்கு நிமிடத்துக்கு 50 கன அடி காற்றை வெளியேற்றும் திறன் வேண்டும். குளித்து முடித்த பிறகும் அரைமணி நேரம் ஓட வேண்டும்.

சுவரையும் தரையையும் உடனே வைப்பரால் வழித்துவிடுவது, ஃபேன் உலர்த்த வேண்டிய நீரில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும்.

மறுமொழி 2

சிலிக்கானைத் தேய்ப்பதில் பயனில்லை. கருமை அதன் உட்புறம் வரை இறங்கியிருக்கும். முழுவதையும் கத்தியால் அறுத்தெடுத்து, இடத்தை நன்கு உலரவிட்டு, பூஞ்சைக்கொல்லி கலந்த குளியலறைச் சிலிக்கானைப் பூசி, குறைந்தது 24 மணி நேரம் நீர் படாமல் பாருங்கள். சிமென்ட் இடுக்குகள் நீரை உறிஞ்சக்கூடியவை என்பதால் பிளீச் மேற்பரப்பின் நிறத்தை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதை விட்டுவிடும். நீரை உறிஞ்சாத எபாக்சி கிரவுட்டுக்கு (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் பிசின் கலவை) மாற்றினால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: பிளீச்சோடு வினிகரையோ அமிலத்தையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். உலர்ந்த பூஞ்சையைச் சுரண்டாமல் நனைத்துத் துடையுங்கள். அந்த வேலை நடக்கும்போது குழந்தை அருகில் இருக்க வேண்டாம்.

மறுமொழி 3

சீலிங்கில் ஒரு மூலை மட்டும் கருப்பதாகச் சொல்வதால் மேலிருந்து நீர்க்கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அது குளியல் ஆவி படிந்தது; உட்பக்கம் ஈரமானால் கசிவு, அதற்கு ஃபேன் மருந்தாகாது.

கேட்டவர்

இரண்டு சோதனைகளையும் செய்து பார்த்தேன். பிளாஸ்டிக் தாளின் வெளிப்பக்கத்தில்தான் நீர்த்துளிகள் இருந்தன, உட்பக்கம் உலர்ந்திருந்தது. டிஷ்யூ தாள் கதவைச் சாத்தியபோது கீழே விழுந்தது, நான்கு விரல் அளவு திறந்ததும் ஒட்டிக்கொண்டது. காற்று உள்ளே வருவதற்காகக் கதவின் அடிப்பகுதியை எவ்வளவு அறுக்கலாம்?

மறுமொழி 1

இரண்டு சென்டிமீட்டர் போதும். அறுத்த விளிம்பு நீரை உறிஞ்சி ஊறிவிடாமல் இருக்க அன்றே பெயின்ட் பூசிவிடுங்கள்.