மறு: செல்ஃப் டிஸ்சார்ஜ் – தன்னிறக்கமா, தன்கசிவா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பேட்டரி தானாகவே சார்ஜை இழப்பதற்கும் (செல்ஃப் டிஸ்சார்ஜ்) அதை அளக்கும் முறைகளுக்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

> தன்கசிவு என்றே வைத்துக்கொள்ளலாமே? சின்னச் சொல், கேட்டதும் புரிகிறது.

புரிவதுதான் சிக்கல். பேட்டரி கசிகிறது என்றதும் நினைவுக்கு வருவது, டார்ச் லைட்டுக்குள் வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கும் பழைய கட்டைதான். அங்கே உள்ளிருந்த மின்பகுளி (அயனிகளைக் கடத்தும் வேதிப்பொருள்) வெளியே வந்துவிட்டது. நாம் பேசுவதோ, கூட்டில் ஓர் ஊசித்துளைகூட இல்லாத புதுக் கலம் (செல்) யாரும் தொடாமலே சார்ஜை இழப்பது பற்றி. லித்தியம் அயனிக் கலத்துக்கான எச்சரிக்கைக் குறிப்பில் ‘கசிவு’ இரண்டு பொருளில் வந்தால், எதைக் கண்டு விலகி நிற்பது, எதற்குத் திரும்ப சார்ஜ் போட்டால் போதும் என்று படிப்பவர் எப்படிப் பிரிப்பார்?

என் ஓட்டு தன்னிறக்கத்துக்கு. மின்னேற்றமும் மின்னிறக்கமும் பாடநூல்களில் ஊன்றிவிட்டன. மெக்கானிக்கும் “சும்மா நிறுத்தி வச்சதுலயே பேட்டரி இறங்கிடுச்சு” என்கிறாரே தவிர, கசிந்துவிட்டது என்பதில்லை.

> கிடப்பிறக்கம்?

அழகான சொல். விட மனமில்லை. ஆனால் கலம் வேலை செய்துகொண்டிருக்கும்போதும் இந்த இழப்பு நடக்கிறது; கிடப்பில் இருக்கும்போது நம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

> உள்ளே மைக்ரோஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் ஓடுகிறதே, அது கசிவு மின்னோட்டம் இல்லையா?

ஒரு பகுதி அப்படித்தான். தயாரிப்பின்போது புகுந்த உலோகத் துகள் கரைந்து, எதிர்ப்பக்கத்தில் படிந்து, இரண்டு மின்வாய்களுக்கும் (எலக்ட்ரோடு) இடையிலுள்ள பிரிப்பானுக்குள் முளைத்து மெல்லிய குறுக்குச் சுற்றாகிவிட்டால் (ஷார்ட் சர்க்யூட்) அது அசல் கசிவு. தொழிற்சாலை தேடுவதும் முக்கியமாக இதைத்தான். ஆனால் மின்பகுளிக்குள் வேண்டாத மூலக்கூறு ஒன்று ஒரு மின்வாயில் எலக்ட்ரானைப் பெற்று மறு மின்வாயில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாலும் சார்ஜ் இறங்கும். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தார் சில ஆண்டுகளுக்கு முன் காட்டியது இதைத்தான்: கலத்துக்குள் சுருளைப் பிடித்து வைக்கும் பிஇடி என்ற பிளாஸ்டிக்கால் ஆன டேப் சிதைந்து அப்படிப்பட்ட மூலக்கூறை உண்டாக்குகிறது. ஒரு துண்டு டேப்! இதற்கு மேல், மின்வாய்ப் பரப்பில் மெதுவாக நடக்கும் பக்க வினைகள் வேறு. இத்தனைக்கும் பொதுப்பெயர் ‘கசிவு’ என்றால் காரணம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. இறக்கம் என்பது விளைவை மட்டும் சொல்கிறது.

இனி, விரைவாகக் கண்டறியும் முறைகளுக்கான பெயர்கள். கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். 2.5 ஆம்பியர்-மணி கொண்ட, 18650 எனப்படும் உருளை வடிவக் கலம் ஒன்றில் தன்னிறக்கம் 10 மைக்ரோஆம்பியர் என்று கொள்ளுங்கள். ஒரு நாளில் போவது 0.24 மில்லிஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவில் 0.01 விழுக்காடுகூட இல்லை. மின்னழுத்தம் இறங்குவது ஏறத்தாழ 0.1 மில்லிவோல்ட். அறை வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே அழுத்தம் இந்த அளவுக்கு நகரக்கூடும். அதனால்தான் கலங்களை வாரக்கணக்கில் அடுக்கி வைத்து, முதலிலும் கடைசியிலும் திறந்த சுற்று மின்னழுத்தத்தை (எதனோடும் இணைக்காதபோது உள்ள அழுத்தத்தை) அளக்கிறார்கள். இதற்குக் ‘காத்திருப்பு முறை’ போதும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) கலத்தில் இதுவும் சிரமம். நடுப்பகுதியில் மின்னழுத்த வளைவு கிட்டத்தட்டத் தட்டை, சார்ஜ் இறங்கினாலும் அழுத்தம் அசையாது. வளைவு செங்குத்தாக இருக்கும் அடிப்பகுதிக்குக் கொண்டுபோய் அளக்க வேண்டும்.

விரைவு முறை கேள்வியையே மாற்றிக் கேட்கிறது. ஒழுகும் தொட்டியில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று நாள்கணக்கில் பார்ப்பதற்குப் பதில், மட்டம் இறங்காமலிருக்க எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. கலத்தின் அழுத்தத்துக்குச் சரிநிகரான, அசையாத மின்னழுத்த மூலத்தை இணைத்து, அதிலிருந்து பாயும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். அளவுக் கருவிகள் செய்யும் கீசைட் நிறுவனம் இதற்கென்றே கருவிகள் விற்கிறது.

‘சரிநிகரான’ என்ற இடத்தில்தான் வித்தையெல்லாம். சுற்றின் மொத்த மின்தடை 0.1 ஓம், மூலத்துக்கும் கலத்துக்கும் வேறுபாடு வெறும் 10 மைக்ரோவோல்ட் என்றாலும் தொடக்கத்தில் 100 மைக்ரோஆம்பியர் ஓடும். நாம் தேடுவதோ 10. அந்தப் பொய் மின்னோட்டம் தானாக அடங்க வேண்டும். 2.5 ஆம்பியர்-மணி, அதாவது 9,000 கூலோம் சார்ஜ், ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் பரவியிருப்பதால் கலத்தை 9,000 ஃபாரட் மின்தேக்கியாகப் பாவிக்கலாம். மின்தடையையும் தேக்குதிறனையும் பெருக்கினால் வரும் நேர மாறிலி (மின்னோட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக அடங்கும் நேரம்) 15 நிமிடம். பொய் மின்னோட்டம் 1 மைக்ரோஆம்பியருக்கு இறங்க ஒரு மணிக்கு மேல் ஆகும். மின்தடையைக் கூட்டினால் தொடக்க மின்னோட்டம் குறையும், அடங்கும் நேரம் நீளும். எப்படியானாலும் வாரங்கள் மணிகளாகிவிட்டன. தவிர, ஒரே தொகுதியில் பிறவற்றிலிருந்து விலகி நிற்கும் கலத்தை ஒதுக்குவதுதான் நோக்கம் என்றால், முழுதாக அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இதற்கு ‘நிலையழுத்த முறை’ என்பதை ஏற்கிறேன். அதில் அளக்கும் மின்னோட்டத்துக்கு ‘ஈட்டு மின்னோட்டம்’ வேண்டாம்; ஈட்டுக் கடன், ஈட்டிய விடுப்பு என்று அலுவலக வாசனை அடிக்கிறது. ‘ஈடுசெய் மின்னோட்டம்’ நீளம்தான், இருக்கட்டும். ‘கசிவு மின்னோட்டம்’ மட்டும் இங்கே கூடவே கூடாது: அம்மீட்டர் காட்டுவது உள்ளே இழக்கப்படுவதை அல்ல, வெளியிலிருந்து நாம் கொடுப்பதை.

உள்ளே இழப்பதும் வெளியிலிருந்து கொடுப்பதும் ஒன்றாகாத இடமும் இருக்கிறது. லித்தியம் ஓரங்களில் உலோகமாகப் படியாமலிருக்க, கிராஃபைட் மின்வாயை எதிரிலிருப்பதைவிடச் சற்று அகலமாக வெட்டுவார்கள். சார்ஜ் ஏற்றிய பிறகு லித்தியம் அந்த மிகை ஓரத்துக்குள் நாள்கணக்கில் மெல்லப் பரவுகிறது. அழுத்தம் இறங்குகிறது, தன்னிறக்கம் போலவே தோன்றுகிறது, ஆனால் எதுவும் இழக்கப்படவில்லை. நிறைய சார்ஜோடு வெகுநாள் கிடந்த கலத்தைச் சற்று இறக்கி வைத்தால் ஓரத்து லித்தியம் திரும்பி வந்து அழுத்தத்தை ஏற்றும், கெட்ட கலமும் நல்லதாகத் தெரியும். நிலையழுத்த முறைக்கும் இதில் விலக்கு இல்லை.

ஆகவே அந்த மிகை ஓரத்துக்கும் (ஆங்கிலத்தில் ஓவர்ஹேங்) ஒரு சொல் வேண்டும். அகராதி பார்த்துத் ‘தொங்கல்’ என்று போட்டுவிடாதீர்கள், அங்கே எதுவும் தொங்கவில்லை. இப்போதைக்கு ‘ஓரமிகை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இலங்கை நண்பர்கள் பற்றரிப் பாடங்களில் வேறு சொல் புழங்கினால் அனுப்பி வையுங்கள்; பட்டியலில் சேர்க்குமுன் பார்த்துவிடலாம்.

அன்புடன்