செங்கோட்டை - புனலூர் ரோட்டுக்கு எந்தச் சின்ன எஸ்யூவி? ஓட்டுகிறவர்கள் மட்டும் சொல்லுங்கள்

புளியரை வாசல்:

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக யூடியூப் பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எனக்குச் செங்கோட்டை. கடை தென்காசியில், தினமும் போக வர 16 கிலோமீட்டர். மனைவிக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், புனலூரில் வேலை. திங்கள் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன், வெள்ளி சாயங்காலம் போய்க் கூட்டி வருவேன், ஒரு பக்கம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கூட அம்மா வந்தால் கொட்டாரக்கரையில் தங்கை வீடு வரைக்கும் போகும். மொத்தத்தில் மாதம் 1200 ஓடும். இப்போது இருப்பது 2012 மாடல் சின்னக் கார், அடி தட்டுகிறது, மழையில் எல்லையில் இருக்கிற கோட்டைவாசல் தாண்டி ஒரு பள்ளத்தில் விட்டு எடுத்தேன், அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், உயரமான வண்டிதான்.

கையில் 11 லட்சம், இழுத்துப் பிடித்தால் 12. மூன்று ஷோரூம் ஏறி இறங்கிவிட்டேன். எல்லா இடத்திலும் லிட்டருக்கு 20 கொடுக்கும், 21 கொடுக்கும் என்றுதான் சொல்கிறார்கள். மாருதி ஃபிராங்க்ஸ் 1.2 லிட்டர் மேனுவல் 21.79, அதிலேயே 1.0 லிட்டர் டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இன்ஜின், 21.5 என்று அட்டையில் போட்டிருக்கிறது. டர்போவுக்கும் டர்போ இல்லாததற்கும் கால் கிலோமீட்டர்தான் வித்தியாசம் என்றால் யார் நம்புவது? டெஸ்ட் டிரைவ் என்று பைபாஸில் மூன்று கிலோமீட்டர் ஓட்டக் கொடுத்தார்கள், அந்த ரோட்டில் மாட்டு வண்டி கூட நன்றாகத்தான் போகும்.

பெட்ரோலா, டர்போ பெட்ரோலா, டீசலா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதையும் மனசில் வைத்துச் சொல்லுங்கள்.

கம்பத்துக்காரன்:

அட்டையில் இருக்கும் எண் பொய் இல்லை, ஆனால் அது உங்கள் ரோட்டில் எடுத்த எண்ணும் இல்லை. உருளை மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட கணக்குப்படி கூட்டிக் குறைத்து ஓட்டுவார்கள், அதில் உச்ச வேகமே 90தான். ஏற்றம் கிடையாது, அம்மா கிடையாது, பின்சீட்டில் பலாப்பழம் கிடையாது. இரண்டு வண்டியை ஒப்பிட வேண்டுமானால் உதவும், மாதச் செலவு போட உதவாது.

நான் வைத்திருப்பது 1.2, நான்கு சிலிண்டர், டர்போ இல்லை, மேனுவல். கம்பத்திலிருந்து குமுளிக்கு வாரம் இரண்டு தடவை ஏறுகிறேன். ஊருக்குள் 13, 14. தேனி ரோட்டில் 80ல் வைத்துப் போனால் 18க்கு மேல். அதே ரோட்டில் ஒரு கல்யாணத்துக்கு லேட்டாகிவிட்டது என்று 105ல் பிடித்துப் போனேன், 15தான் கொடுத்தது. காற்று தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 80க்கும் 100க்கும் நடுவில் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும், பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும் வண்டியில் அது இன்னும் நன்றாகத் தெரியும். மலை ஏறும்போது ஐந்து பேரும் ஏசியும் இருந்தால் இரண்டாவது கியர்தான், டிஸ்ப்ளேவில் 9 காட்டும். பயப்பட வேண்டாம், ஏறிவிடும், சத்தம்தான் அதிகம்.

அப்புறம் ஒன்று. டிஸ்ப்ளேவை நம்பாதீர்கள், என் வண்டியில் எப்போதும் ஒரு கிலோமீட்டர் கூட்டித்தான் காட்டுகிறது. டேங்க் நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த தடவை அதே பங்க், அதே பம்ப், அதே மாதிரி தானாக நிற்கும் வரை. ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டியதுதான். மூன்று டேங்க் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் உங்கள் பழைய வண்டி அந்தக் காலத்தில் கொடுத்த கணக்கை மனசில் வைத்துக்கொண்டு புதுசை எடை போடாதீர்கள்.

டீசல் அண்ணாச்சி:

தம்பி, எனக்குக் கடையநல்லூர். கொல்லத்துக்குச் சரக்கு பேச வாரம் மூன்று நடை போகிறவன், மாதம் 3000 தாண்டும். 1.5 டீசல். மலையில் மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும், 250 நியூட்டன் மீட்டருக்கு மேல் டார்க், அதாவது இழுவை, இருக்கிறது அல்லவா, 1.2 பெட்ரோலில் 115 பக்கம்தான். புனலூர் போய்த் திரும்பினால் 19, 20 குறையாது. ஆனாலும் உமக்கு டீசல் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் அந்தத் தினசரி 16 கிலோமீட்டர். பிஎஸ்-6 என்ற புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது, கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகச் சூடேறி நீளமாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியே போகும். எட்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, எட்டு கிலோமீட்டர் வந்து நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும். என் மைத்துனர் வண்டியில் இதுதான் நடந்தது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது, ஏதோ விளக்கு என்று அவர் ஒரு வாரம் அப்படியே ஓட்டினார், பிறகு வண்டி வேகமே எடுக்கவில்லை. சர்வீஸில் விட்ட பணத்துக்கு ஒரு வருஷம் பெட்ரோல் போட்டிருக்கலாம். வாரம் இரண்டு நாள் புனலூர் போவதால் உமக்கு அவ்வளவு மோசம் வராது என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போனால் அது நீள ஓட்டமே இல்லை.

கணக்கும் ஒத்து வரவில்லை. பெட்ரோல் 102, டீசல் 93 என்று வையும். பெட்ரோல் வண்டி 14 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 30 பைசா. டீசல் 19 கொடுத்தால் 4 ரூபாய் 90 பைசா. மிச்சம் 2 ரூபாய் 40 பைசா. டீசல் வண்டிக்கு 1,30,000 கூடக் கொடுத்தால் அதை மீட்கவே 54,000 கிலோமீட்டர் ஓட வேண்டும், உம்முடைய 1200ல் அது நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கப்புறம்தான் லாபம். எனக்கு அது ஒன்றரை வருஷத்திலேயே வந்துவிட்டது, அதனால்தான் நான் டீசல்.

சும்மா பார்ப்பவன்:

எதற்கு எஸ்யூவி? ஃபிராங்க்ஸ் என்பது உயர்த்திக் கட்டிய பலேனோதான். தரைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் 170 மில்லிமீட்டர் இடைவெளி 190 ஆகிறது, அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு எவ்வளவு கூடக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். எடை கூடினால் மைலேஜ் குறையும், வேறொன்றும் இல்லை.

கம்பத்துக்காரன்:

அந்த இரண்டு சென்டிமீட்டர் என்ன என்று அடி தட்டியவனைத்தான் கேட்க வேண்டும். மற்றபடி நீங்கள் சொல்வது சரி.

புனலூர் தமிழன்:

நான் அந்தப் பக்கத்து ஆள், வீடு புனலூர், பிறந்தது சுரண்டை. 1.0 டர்போ பெட்ரோல் மேனுவல் ஓட்டுகிறேன், மூன்று வருஷம் ஆகிறது.

டர்போ மைலேஜ் என்பது வலது காலில் இருக்கிறது. தென்மலையிலிருந்து ஆரியங்காவு வரை ஆற்றோரமாக வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில், இன்ஜினை நிமிஷத்துக்கு 1800 சுற்றுக்குக் கொஞ்சம் மேல் வைத்துக்கொண்டு அலட்டாமல் போனால் 16, 17 கொடுக்கும். பின்னால் வருகிற பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான் என்று ரோஷப்பட்டு மிதித்தால் 11. புனலூர் டவுனுக்குள் 12. அட்டையில் கால் கிலோமீட்டர் வித்தியாசம்தான், நடைமுறையில் நண்பரின் 1.2ஐ விட ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் குறைவாகத்தான் என் வண்டி கொடுக்கிறது.

ஆனால் உங்கள் கேள்விக்கு முக்கியமான பதில் வேறு. செங்கோட்டை தாண்டி மலை ஏறும் இடத்தில் இருக்கிற புளியரை எஸ் வளைவை யோசித்துப் பாருங்கள். ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய லாரிகள் வரிசையாக ஏறும். முன்னால் லாரி 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உங்கள் வேகமும் 10தான், உங்களிடம் 120 குதிரை இருந்தாலும் 83 குதிரை இருந்தாலும். அங்கே டர்போ இன்னும் முழிக்கவே இல்லை, 1500க்குக் கீழே என் வண்டி வெறும் மூன்று சிலிண்டர் சின்ன இன்ஜின், இரண்டாவதில் திணறும், முதல் கியருக்கு வர வேண்டும். எல்லோரும் செய்கிற தப்பு, அரை கிளட்சில் பிடித்துக்கொண்டு நிற்பது. கிளட்ச் கருகும் வாசனை அந்த வளைவில் அடிக்காத நாள் இல்லை. லாரிக்கு இடம் விட்டு நின்று, அது நாற்பதடி போன பிறகு முதல் கியரில் ஒரே மூச்சில் நகருங்கள்.

இறங்கும்போது நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு உண்டு. கார்புரேட்டர் காலத்துக் கதை அது. இப்போதைய வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் குடித்தே ஆக வேண்டும். பிரேக் சூடாவது தனி.

பெட்ரோலைச் செங்கோட்டையிலேயே நிரப்புங்கள். இங்கே லிட்டருக்கு ஏறக்குறைய 5 ரூபாய் கூடுதல், 2023 ஏப்ரலில் 2 ரூபாய் செஸ் வேறு போட்டார்கள். நானே அம்மாவைப் பார்க்கச் சுரண்டை வரும்போதுதான் டேங்க் நிரப்புவேன்.

டீசல் அண்ணாச்சி:

இவர் சொல்வதுதான் சரி. ஒன்று விட்டுப்போச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியிருக்கிறது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் 1200 சிசிக்குள் அல்லது டீசல் 1500க்குள் இருந்தால் 18 சதவீதம். மாருதி பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள்தான், ஆனால் இன்ஜின் 1462 சிசி பெட்ரோல், அதனால் 40 சதவீதத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஷோரூமில் இதைச் சொல்லாமல் வெறும் ஆன்ரோடு விலையைச் சொல்வார்கள், நீர் பிரித்துக் கேளும்.

புளியரை வாசல்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வந்திருக்கிறேன், நீங்கள் சொன்ன எஸ் வளைவிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ஒரு ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் எஸ் வளைவு வரைக்கும் வேண்டும் என்றதும் "சார், எங்கள் ரூட் பைபாஸ் மட்டும்தான்" என்றார்கள். இன்னொரு இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, மனைவியையும் ஒரு மூட்டை அரிசியையும் பின்னால் ஏற்றி, கூட வந்த பையனையும் சேர்த்து நாலு பேர். முதலில் ஃபிராங்க்ஸ் 1.2, மதியம் அதே ரோட்டில் அதன் 1.0 டர்போ. இரண்டு தடவையும் லாரி கிடைத்தது, அதுக்குப் பஞ்சமா!

அந்த வளைவில் இரண்டும் ஒரே வண்டி மாதிரிதான் இருந்தது. இரண்டிலும் முதல் கியர், இரண்டிலும் எரிச்சல். கோட்டைவாசலுக்கு மேலே ரோடு கொஞ்சம் விரிந்து லாரியைத் தாண்டும்போது மட்டும் டர்போ சட்டென்று பாய்ந்தது, 1.2ஐ இரண்டாவதில் 4000 சுற்று வரை கத்தவிட்டுத்தான் தாண்ட முடிந்தது. சுகமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதிரித் தாண்டுவது ஒரு நடைக்கு மூன்று தடவையோ நாலு தடவையோதான், அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் கூடக் கொடுத்து, தினமும் தென்காசிக்கு லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைவாக ஓட்ட மனசு வரவில்லை.

அம்மா இரண்டிலும் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். ஒரே உயரம், ஒரே சீட். முன்பு பார்த்த வேறு வண்டியில் காலைத் தூக்கி ஏற வேண்டியிருந்தது, பழைய காரில் விழுந்து உட்கார வேண்டும், இதில் அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். "இது நம்ம திண்ணை உயரம்" என்றார்கள். எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. 1.2 மேனுவல் பேசியிருக்கிறேன், முன்பணம் நாளை.

புனலூர் தமிழன்:

வாழ்த்துகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழுதுருட்டி 13 கண் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துப் போடுங்கள்.

கம்பத்துக்காரன்:

முன்பணம் கொடுக்கும் முன் ஒன்று. டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியைப் பார்த்தீர்களா? சில மாடல்களில் மற்ற நாலு டயரை விட ஒல்லியாக ஒன்று வைத்திருப்பார்கள், 80க்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ஜாக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

புளியரை வாசல்:

அரிசி மூட்டையை பின்சீட்டில் போட்டதால் டிக்கியைத் திறக்கவே இல்லை. நாளை காலை அதைப் பார்த்துவிட்டுத்தான் பணம்.