எம்பிஏ துறையின் அடுத்த பருவம்: சந்தை, விழா, முகாம். நடத்தியவர்கள் எழுதுங்கள்

இரண்டாம் ஆண்டு எம்பிஏ மாணவி

எங்கள் பல்கலைக்கழக மேலாண்மைத் துறையில் வரும் பருவத்தில் மூன்று வேலைகள் வரிசையாக நிற்கின்றன. ஜனவரி கடைசியில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கல்லூரிச் சந்தை, இரண்டு நாள். பிப்ரவரி நடுவில் வெளிக் கல்லூரிகள் வரும் மேலாண்மை விழா. மார்ச்சில் பக்கத்து ஊராட்சியில் நிதி விழிப்புணர்வு முகாம். ஏற்கெனவே நடத்திய அண்ணன்கள், அக்காக்கள் எங்கே கவனம் வேண்டும், எது சறுக்கும் என்று எழுதினால் எங்கள் குழு அப்படியே எடுத்துக்கொள்ளும்.

சந்தைப் பொறுப்பு பார்த்த மூத்த மாணவி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. இந்த மூன்றையும் தனித்தனி மாணவர் குழுவிடம் கொடுக்காதீர்கள். சந்தைக்கு வரும் குழுக்களிடமே விழாவுக்கு வேண்டியதை வாங்கலாம், அவர்கள் ஊரிலேயே முகாம் வைக்கலாம். ஒரு நாள் கடை போட்டுப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் யாருக்கும் பயனில்லை. ஒரே மகளிர் குழுவோடு மூன்று மாதம் பழகினால்தான் வேலை நடக்கும்.

குழுக்களை நீங்களாகத் தேட வேண்டாம். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மகளிர் திட்ட அலுவலகம் இருக்கும். திட்ட இயக்குநர் பெயருக்குத் துறைத்தலைவர் கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள், ஆறு வாரம் முன்னால். எத்தனை கடை, நிழல் உண்டா, மின் இணைப்பு உண்டா, மதிய உணவு யார் பொறுப்பு, இந்த நான்கும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே கேட்டு ஒரு வாரம் கழித்துப் பதில் வரும்.

தேதியை இன்டர்னல் தேர்வு வாரத்தில் வைக்காதீர்கள். மாத முதல் பத்து நாளுக்குள் வைத்தால் மாணவர் கையில் காசு இருக்கும், ஜனவரி கடைசியைப் பிப்ரவரி முதல் வாரத்துக்குத் தள்ள முடியுமா பாருங்கள். வியாழன், வெள்ளி நல்ல ஜோடி. வெள்ளி மாலை ஊருக்குக் கிளம்பும் விடுதி மாணவர்கள் வீட்டுக்கென்று முறுக்கு, எள்ளுருண்டை, தேன் வாங்குவார்கள்.

விடுதியில் இருப்பவருக்கு அடுப்பு கிடையாது. சாம்பார்ப் பொடியும் கேழ்வரகு மாவும் அவர்களிடம் போகாது, ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும்தான் வாங்குவார்கள். அதனால் மாவு, மசாலாக் கடைகளை அவர்கள் மாலையில் வெளியேறும் வழியில் போடுங்கள். கடலை மிட்டாய், சுடுமண் நகை, சணல் பை, பனை ஓலைப் பெட்டி எல்லாம் வகுப்பறைக் கட்டடத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவில். 20 முதல் 50 ரூபாய்க்குள் சின்ன பாக்கெட் கொண்டுவரச் சொல்லி இரண்டு வாரம் முன்பே தெரிவியுங்கள். முந்தின நாள் சொன்னால் கவரும் லேபிளும் கிடைக்காது.

உணவுப் பொட்டலத்தில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், விலை, சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இத்தனையும் வேண்டும். சந்தையன்று காலை வந்து பார்த்து ஒரு கடையை மூடச் சொல்வது அந்த அக்காக்களுக்குப் பெரிய அவமானம். லேபிளின் போட்டோவை வாட்ஸ்அப்பில் முன்பே வாங்கிச் சரிபார்த்துவிடுங்கள்.

பணம் வாங்குவதில்தான் அதிகம் குழப்பம் வரும். துறை சார்பில் ஒரே க்யூஆர் ஒட்டி, பிறகு பிரித்துக் கொடுக்கலாம் என்ற யோசனை வந்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள். பல்கலைக்கழகக் கணக்கில் விழுந்த பணம் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும், எந்த ரூபாய் யாருடையது என்பதும் தெரியாது. குழுவின் வங்கிக் கணக்கோடு இணைந்த க்யூஆர் ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும். இல்லாத குழுவுக்கு இரண்டு வாரம் முன்னால் வங்கிக்குக் கூடவே போய் வாங்கிக் கொடுங்கள். பணம் வந்ததைக் குரலில் சொல்லும் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. கூட்டத்தில் யாரோ காட்டும் பழைய ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடும் சிக்கல் அதனால் குறையும். சில்லறைக்குக் கடைக்கு 500 ரூபாய், பத்தும் இருபதுமாக.

கடைக்கு ஆறடி மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, ஒரு பிளக் பாயின்ட். பக்கத்தில் பூட்டாத பெண்கள் கழிப்பறை. அதன் சாவி யாரிடம் என்று காலையிலேயே உறுதி செய்யுங்கள். பல துறைகள் பந்தலுக்குச் செலவழிக்கும், இதை மறந்துவிடும். ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத்தான் முடிக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

செலவுக் கணக்கு எடுக்கும் பாடத்தில் உதவும் ஆராய்ச்சி மாணவர்

அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். எம்பிஏ படிக்கும் பிள்ளைகள் உண்மையிலேயே கொடுக்கக்கூடியது அடக்க விலைக் கணக்கு. மாதிரிக்கு: 100 பாக்கெட் கடலை மிட்டாய், ஒன்று 20 ரூபாய், வரவு 2,000. கடலையும் வெல்லமும் 1,050, கேஸ் 100, கவரும் லேபிளும் 150, பஸ்ஸும் ஆட்டோவும் 200. செலவு 1,500, மீதி 500. குழுவில் கேட்டால் "ஐந்நூறு லாபம்" என்பார்கள். இரண்டு பேர் ஒரு நாள் கிண்டி, ஒரு நாள் விற்றிருக்கிறார்கள். நான்கு ஆள்நாள் கூலி 125 ரூபாய் வீதம்தான் விழுந்திருக்கிறது.

இதையே 300 பாக்கெட்டாகப் போடுங்கள். வரவு 6,000. பொருள், கேஸ், கவர் மூன்று மடங்காகி 3,900, ஆட்டோ அதே 200. மீதி 1,900. கிண்ட இன்னொரு நாள் கூடினாலும் ஆறு ஆள்நாளுக்கு 316 ரூபாய்க்கு மேல் நிற்கும். ஆனால் 300 பாக்கெட் ஒரே கடையில் விற்காது. அதனால்தான் விழாவின் தேநீர் இடைவேளைக்கு பிஸ்கெட்டை விட்டுவிட்டு இவர்களிடம் முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கச் சொல்கிறேன்.

கணக்கை அவர்கள் கண் முன்னால், அவர்கள் நோட்டிலேயே எழுதுங்கள். லேப்டாப்பில் போட்டால் உங்களோடு கிளம்பிவிடும்.

விழாவின் நிதிப் பொறுப்பு பார்த்தவர்

விழாவுக்கு வரும் பிரதிநிதிகளுக்கு சணல் பை கொடுப்பதானால் 200 பைக்கு நான்கு வாரம் வேண்டும், பாதித் தொகை முன்பணமும் வேண்டும். குழுவிடம் துணி வாங்கக் கையில் காசு இருக்காது. பல்கலைக்கழகத்திலோ மூன்று விலைப்புள்ளி, பொருள் வந்த பிறகு பில், அதன் பிறகு தணிக்கை என்றுதான் நடைமுறை. முன்பண அனுமதிக் கோப்பைத் துறைத்தலைவர் வழியாக இப்போதே நகர்த்துங்கள். பணம் இழுத்தால் அந்தக் குழு வெளியில் வட்டிக்கு வாங்கும், பை விற்றுக் கிடைத்தது வட்டிக்கே போய்விடும்.

விழாவைப் பற்றிச் சுருக்கமாக. அழைப்பு ஐந்து வாரம் முன்னால் போக வேண்டும், வெளிக் கல்லூரி மாணவருக்கு 'ஆன் டூட்டி' (ஓடி) அனுமதி வாங்க அவகாசம் வேண்டுமே. கட்டணமில்லாப் பதிவை நம்பிச் சாப்பாடு சொல்லாதீர்கள், கட்டணம் கட்டியவர் தலைக்கணக்குதான் கணக்கு. பிசினஸ் க்விஸுக்கும் 'சிறந்த மேலாளர்' இறுதிச் சுற்றுக்கும் ஒரே நேரம் வைத்தால் இரண்டிலும் பெயர் கொடுத்தவர்கள் தகராறு செய்வார்கள்.

முதலாம் ஆண்டு மாணவர்

அண்ணா, ஒரு கம்பெனியிடம் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) பணத்தில் விழாவுக்கே ஸ்பான்சர் கேட்கலாமா?

விழாவின் நிதிப் பொறுப்பு பார்த்தவர்

முடியாது தம்பி. 2013 கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். தன் பொருளுக்கு விளம்பரம் கிடைக்கும் ஸ்பான்சர்ஷிப் அந்தக் கணக்கில் வராது. மேடையில் பேனர் வேண்டும் என்றால் அது மார்க்கெட்டிங் பிரிவின் பணம். அங்கே தனிக் கடிதம், பான் எண், இன்வாய்ஸ், ரத்து செய்த காசோலையோடு போங்கள். குழுக்களுக்குப் பயிற்சி, கருவி போன்ற ஆண்டு முழுவதும் ஓடும் வேலைக்குத்தான் சிஎஸ்ஆர் கேட்கலாம். பணத்தை வாங்கி நடத்தும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் இரண்டு பிரிவும் ஒதுங்கிக்கொள்ளும்.

கிராம முகாம்களில் பேசும் வங்கி அலுவலர், பழைய மாணவி

முகாம் நேரத்தை ஊர்தான் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் நாளில் காலைக் கூட்டம் கூடாது. குழுவின் வாரக் கூட்டம் எந்த மாலையோ அதுதான் சரி. ஊராட்சிச் செயலரிடமும் குழுக்களின் கூட்டமைப்பிடமும் சொல்லுங்கள். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்குக் கடிதம் கொடுத்தால் கையேடுகளும் பேச ஓர் ஆளும் கிடைக்க வாய்ப்பு உண்டு.

போனதும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "அம்மா, நாங்க கடன் தரவும் வரல, பேர் எழுதவும் வரல." இதைச் சொல்லாவிட்டால் கடைசி வரைக்கும் "லோன் எப்ப வரும்?" என்ற கேள்விதான். ஆதார் எண், பாஸ்புக் போட்டோ எதையும் வாங்காதீர்கள், வருகைப் பதிவில் பெயரும் தெருவும் போதும். யாருடைய போனையும் வாங்கிப் பின் நம்பர் போட்டுக் காட்டாதீர்கள். எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல வந்தோமோ அதையே செய்து காட்டுவதாகிவிடும்.

ஸ்லைடு வேண்டாம், வெளிச்சத்தில் தெரியாது. பாஸ்புக்கின் ஒரு பக்கத்தை ஃப்ளெக்ஸில் பெரிதாக அடித்துத் தொங்கவிடுங்கள். பதினைந்து பேருக்கு இரண்டு மாணவர், நாற்பது நிமிடம், நான்கு விஷயம். ஒன்று, பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை, ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண். இரண்டு, வங்கிக் கணக்கு வழியாக எடுக்கும் அரசுத் திட்டங்களான ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும், தலா 2 லட்சம். முன்னதற்கு வயது 18 முதல் 70, பின்னதற்குச் சேரும் வயது 18 முதல் 50. மே கடைசியில் கணக்கில் இருப்பு இல்லையென்றால் பிரீமியம் பிடிக்காது, காப்பீடு போய்விடும். குடும்பங்கள் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். பிரீமியம் பிடித்த வரியை அந்த ஃப்ளெக்ஸிலேயே சிவப்பில் வட்டமிட்டுக் காட்டுங்கள், அவரவர் பாஸ்புக்கில் அதைத் தேடட்டும். மூன்று, நாமினி பெயர். நான்கு, ஏலச்சீட்டு: 1982 சிட்பண்ட் சட்டப்படி பதிவு உண்டா என்று எண்ணைக் கேட்க வேண்டும், சீட்டு நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டாம் ஆண்டு எம்பிஏ மாணவி

நன்றி அக்கா. முகாமை மார்ச்சிலேயே வைத்துக்கொள்ளட்டுமா, மே மாதத்துக்குத் தள்ளட்டுமா?

கிராம முகாம்களில் பேசும் வங்கி அலுவலர், பழைய மாணவி

மார்ச்சிலேயே வையுங்கள் தங்கச்சி, மே மாதம் உங்களுக்கு விடுமுறை. ஆனால் வங்கியில் மார்ச் கடைசி ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள். அதனால் முதல் இரண்டு வாரத்துக்குள் முடியுங்கள். கிளம்பும் முன் கூட்டமைப்புத் தலைவியிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டு வாருங்கள்: யார் யாருக்குக் காப்பீடு உண்டு, நாமினி பதிவாகியிருக்கிறதா என்று இரண்டு கட்டம், மே 20 வாக்கில் கணக்கில் 456 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்து டிக் அடிக்க மூன்றாவது கட்டம். அந்த வாரம் தலைவிக்கு ஒரு போன் போட உங்களில் ஒருவர் பொறுப்பு ஏற்றுக்கொள்ளுங்கள்.